முள்ளும் ஓர் இலையே

உபாத்தியாயர்களாகிய நாம் பிறருடைய பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டியே பழகிவிட்டவர்கள். நம்முடைய பிழையை நாமே எடுத்துச் சொல்லும் சந்தர்ப்பம் எப்போதேனும் ஒரு முறைதான் வாய்க்கிறது. இந்த வாரத்து விஷயம் அத்தகைய ஒரு பிழையிலிருந்து பிறந்ததாகையால், வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்களுக்கு அரையாண்டுப் பரீட்சையில், "சப்பாத்திக் கள்ளியின் இலை எவ்வாறு நீரைச் சேமித்து வைக்கிறது?" என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தோம். பிள்ளைகள் எல்லோரும் அந்த இலை தடித்திருப்பதையும், அதன்மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதையும் பற்றிப் பத்து வரிக்குக் குறையாமல் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், "சப்பாத்திக் கள்ளியில் நீரைச் சேமிப்பது இலையன்று, அதன் இலை முள்ளாகிவிட்டது" என்று ஒரே வரியில் எழுதி நிறுத்திவிட்டாள். கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் கேள்வியையே மறுப்பதாவது! அன்று நமக்கிருந்த அவசரத்தில் சற்றும் யோசியாமல் பூஜ்யம் போட்டுவிட்டோம்.

மறுநாள் அவள் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் மேஜையருகே வந்து நின்றாள். மார்க்குக்காகச் சண்டையிட வந்தவளாகத் தோன்றவில்லை. "அது இலையாக இருந்தால் அதன்மேல் எப்படி ஸார் பூவும் காயும் உண்டாகும்?" என்று மட்டும் கேட்டாள்.

நமக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன், அம்மா" என்று அனுப்பிவிட்டோம். சேலையூர்ப் பக்கமாக நாம் வீட்டுக்கு நடந்து போகும் வழியில், ஒரு காலி மனையின் ஓரத்தில் பழைய கள்ளி வேலி ஒன்று அக்காலத்தில் இருந்தது. தினந்தோறும் அதைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தோம். ஆனால் ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. அன்று மாலை நின்று பார்த்தோம். தடித்த பச்சை வட்டங்களின் விளிம்பில் மஞ்சள் பூக்கள் இருந்தன. பூவின் பக்கத்திலேயே புதிய வட்டங்கள் கிளைத்துக்கொண்டிருந்தன. அவற்றுள் மிகவும் இளசாயிருந்த ஒன்றின்மேல், நெல் முனையளவே உள்ள பச்சைக் கூர்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஒன்றை விரலால் தொட்டோம்; உதிர்ந்துவிட்டது. அந்தக் கூர்தான் சப்பாத்திக் கள்ளியின் உண்மையான இலை!

மறுநாள் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு முழு மார்க்கும் போட்டுக் கீழே கையெழுத்தும் இட்டோம். அதற்கப்பால், இலை என்று எதைச் சொல்லுவது என்னும் கேள்வி நம்மை விடவில்லை.

உடையும் விலாசமும்

இலை என்றதும் நம் மனக்கண்முன் வருவது பச்சையாய், தட்டையாய், மெல்லியதாய் உள்ள ஒரு பொருள். இவை மூன்றும் இலை அணிந்திருக்கும் உடையே தவிர, இலையின் அடையாளமல்ல. உடையைக் கொண்டு ஒருவரை இன்னார் என்று தீர்மானித்தால் ஏமாந்து போக நேரிடும். விலாசத்தைக் கொண்டு தேடினாலோ ஆசாமி எந்த வேஷத்தில் இருந்தாலும் அகப்பட்டுவிடுவார்.

இலையின் விலாசம் யாது? கொல்லையிலுள்ள செம்பருத்தியில் ஒரு சிறு கிளையை ஒடித்து வந்து பாருங்கள். தண்டில் கணுவுக்குக் கணு இலை இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் மேற்புறத்து மூலையில், மனிதருக்குக் கைக்கும் விலாவுக்கும் இடையே கக்கம் இருப்பது போல, இலைக்கும் ஒரு கக்கம் உண்டு. அந்தக் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு ஒடுங்கியிருக்கும். காலம் வந்தால் அந்த மொட்டே கிளையாகவோ பூவாகவோ வளரும். ஆகவே, கணுவில் பிறந்து, தன் கக்கத்தில் மொட்டை வைத்துக்கொண்டிருப்பது எதுவோ அது இலை. அதன் நிறமும் உருவமும் எப்படியிருந்தாலும் அதைப்பற்றிக் கவலையில்லை.

இந்த விதி தெரிந்தால் முருங்கைக் கீரை ஆய்கிறவர்களுக்கு ஒரு புது விஷயம் விளங்கும். நாம் உருவியெடுக்கும் சிறு இலைகளின் அடியில் மொட்டுக் கிடையாது. பல கிளைகளாகப் பிரிந்த அந்தப் பெரிய ஈர்க்கு மரத்தில் ஒட்டியிருந்த இடத்திலேதான் மொட்டு உண்டு. ஆகவே அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்து ஒரே இலை. உருவுவதெல்லாம் அதன் துண்டுகளே.

முள்ளுக்காட்டில் ஒரு சனிக்கிழமை

அந்த வாரச் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தாம்பரத்தை அடுத்த முட்புதர் நிலம் ஒன்றுக்குப் போனோம். சென்னைக்குத் தெற்கே கிண்டி முதல் நன்மங்கலம், வண்டலூர் வரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த காட்டின் மிச்சங்களே இத்தகைய நிலங்கள். இவற்றைப் பார்த்தவுடன் "வெறும் முள்ளுக்காடு" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆனால், முள் ஏன் இவ்வளவு என்று கேட்பதில்லை.

நம் பக்கத்து மழை வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் வரையில் பெய்கிறது. கேட்பதற்கு ஏராளம்தான். ஆனால் அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தபின் ஆனி வரையில் வானம் பெரும்பாலும் கையை விரித்துவிடும். இலையோ செடியின் சமையலறை. சூரிய வெளிச்சத்தைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சேர்த்து மாவுப்பொருள் செய்வது அதன் தொழில். காற்று உள்ளே வருவதற்காக இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காற்று வரும் அந்த வாசல் வழியாகவே நீர் ஆவியாகி வெளியே போகிறது. வாசலை அடைத்தால் பட்டினி, திறந்தால் தாகம். போதாக்குறைக்கு ஆடு வேறு. வறண்ட நிலத்துச் செடிக்கு அகன்ற மெல்லிய இலை செலவு மிகுந்த ஒரு குடும்பத்தைப் போன்றது. அந்தச் செலவைச் சுருக்க ஒவ்வொரு செடியும் ஒவ்வோர் உபாயம் செய்திருக்கிறது.

முதலில் கருவேல மரத்தண்டை நின்றோம். இலை பிறக்கும் கணுவில், அதன் இரு புறத்திலும், வெள்ளை முட்கள் இரண்டு இரட்டைப் பிள்ளைகள் போல நீட்டிக்கொண்டிருந்தன. சாதாரண இலைகளின் காம்படியில் இரு பக்கமும் சிறு செதில்கள் இருப்பதுண்டு. செம்பருத்தியிலேயே அவற்றைப் பார்க்கலாம். அந்த இலையடிச் செதில்களே கருவேலில் முட்களாக இறுகியிருக்கின்றன. இலை பாதி வேலையைச் சமையலுக்கும், பாதி வேலையைக் காவலுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம். இளங் கன்றில் முட்கள் நெருங்கியிருக்கும். வளர்ந்து உயர்ந்த மரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆட்டுக்கு எட்டும் வயது வரையில்தானே காவல் வேண்டும்? இவ்வளவு காவலையும் மீறி முட்களுக்கு நடுவே நாக்கை நுழைத்து ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இலந்தையிலும் இதே இடத்தில் இதே செதில்கள்தாம் முள்ளாகியிருக்கின்றன. ஆனால் ஒன்று நேராக நிற்கும், மற்றொன்று கொக்கி போல வளைந்திருக்கும். இலந்தைப் பழம் பறிக்கக் கையை நீட்டியவர்கள் இதைப் புஸ்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. உள்ளே போகும்போது ஒன்று குத்தும், வெளியே எடுக்கும்போது மற்றொன்று பிடிக்கும்.

சிற்றீச்சை மரம் வேறு விதம். அதன் மட்டையின் மேற்பாகத்தில் உள்ளவை இலைத் துண்டுகள். அடியை நோக்கி வர வர அவை குறுகி, தடித்து, காம்புக்கு அருகில் ஊசி முட்களாகவே ஆகிவிடுகின்றன. இலை முள்ளாவது எப்படி என்பதை, நடுவில் ஒரு படியும் விடாமல், ஒரே மட்டையில் அது காட்டுகிறது. இதைவிட நல்ல பாடப் படம் எந்த அச்சுக்கூடத்திலும் அச்சாகவில்லை.

அப்போது ஒரு பையன், "அப்படியானால் முள் எல்லாமே இலைதானா, ஸார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நல்லவேளையாக, வீட்டிலிருந்து எலுமிச்சங் கிளையும் ரோஜாக் கிளையும் கொண்டு வந்திருந்தோம். எலுமிச்சையில் முள் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளே தேடினார்கள். இலை கீழே இருந்தது. அதன் கக்கத்தில், மொட்டு இருக்கவேண்டிய இடத்தில், முள் இருந்தது. ஆகவே எலுமிச்சை முள் இலையன்று. வளராமல் நின்றுபோன ஒரு கிளை. ரோஜா முள்ளுக்கோ விலாசமே கிடையாது. கணு என்றும் கணுவிடை என்றும் பாராமல் தோல்மேல் எங்கு வேண்டுமானாலும் அது முளைத்திருந்தது. பக்கவாட்டில் அழுத்தினால் தோலோடு பிய்ந்து வந்துவிட்டது. அது இலையுமன்று, தண்டுமன்று. தோலின் வளர்ச்சி மாத்திரமே. மூன்றும் குத்துகின்றன; மூன்றும் வெவ்வேறு. உருவத்தை மட்டும் கண்டு ஒரே பெயர் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கு இது போதாதா?

சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

சப்பாத்திக் கள்ளிக்குத் திரும்புவோம். நாம் கண்ட அந்த நெல் முனை இலையின் கக்கத்திலும் மொட்டு உண்டு. ஆனால் அது கிளையாக நீளாமல் ஒரு புள்ளியாக ஒடுங்கிவிடுகிறது. அந்த ஒடுங்கிய கிளையில் தோன்ற வேண்டிய இலைகளே முட்களாகின்றன. பூவும் காயும் புதுக் கிளையும் புறப்படுவது அந்தப் புள்ளியிலிருந்தே. சமைக்கும் வேலையையும் நீரைச் சேமிக்கும் வேலையையும் தண்டு ஏற்றுக்கொண்டு, பச்சையாகித் தட்டையாகி, இலையின் உடையை உடுத்து நிற்கிறது. இந்த வேஷத்தில்தான் நாம் ஏமாந்தோம்.

இந்தச் செடியின் விஷயத்தில் உருவத்தைக் கண்டு ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்ல என்பதில் நமக்கு ஓர் அற்ப ஆறுதல். சப்பாத்திக் கள்ளி நம் நாட்டுச் செடியன்று, அமெரிக்காக் கண்டத்தது. அதன்மேல் வாழும் ஒரு வகைப் பூச்சியை மெக்ஸிகோவில் ஸ்பானியர்கள் வளர்த்து உலர்த்தி, கருஞ்சிவப்புச் சாயம் எடுத்து, ஐரோப்பாவெங்கும் விற்றுப் பெரும் பொருள் ஈட்டிவந்தார்கள். அந்த லாபத்தைக் கண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நாவில் நீர் ஊறிற்று. சென்னையில் கம்பெனியின் வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்பவர், 1780-களின் கடைசியில், நம் சைதாப்பேட்டையிலே அந்தப் பூச்சிக்குத் தீனியாகக் கள்ளித் தோட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். விருந்து தயார், விருந்தாளியைத்தான் காணோம்.

1795-ஆம் வருஷத்தில் பிரேஸில் தேசத்திலிருந்து பூச்சி கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டிருந்தது, நசுக்கினால் சிவந்தது. ஆனால் வந்தது ஸ்பானியர் வளர்த்த பூச்சியன்று. அதைப் போன்றிருக்கும் அதன் காட்டு உறவினன். சாயம் மட்டமாயிருந்தபடியால் கம்பெனியார் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. பூச்சி மட்டும் தன் வேலையை விடாமல் கள்ளியைத் தின்றுகொண்டே இருந்தது. கள்ளியோ தென்னாட்டில் தோட்டத்தையும் வேலியையும் தாண்டி வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் பரவித் தொல்லையாகிவிட்டிருந்தது. ஆகவே 1836-க்கும் 1838-க்கும் இடையில் அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து கள்ளியை அழிக்க ஏவினார்கள். களையொன்றை ஒழிக்க வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஏவி வெற்றி கண்ட சம்பவங்களில், உலகத்திலேயே முதன்மையானதாக இது எண்ணப்படுகிறது. ஆனால் அந்தப் பூச்சி ஒரு ஜாதிக் கள்ளியையே அழித்தது. வேறு ஜாதிகள் தப்பிப் பெருகின. அவற்றை அடக்க 1926-இல் மற்றொரு பூச்சியை இலங்கையிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே கள்ளிக் காடுகள் ஒழிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலிகள் மிஞ்சின. பூச்சியிலும் சரி, கள்ளியிலும் சரி, ஒன்று போல் இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

பற்றி ஏறும் இலை

இலையின் சாமர்த்தியம் முள்ளோடு முடியவில்லை. மழை தொடங்கியதும் புதர்களின் நடுவே கிழங்கிலிருந்து முளைத்துக் கிளம்பும் செங்காந்தளைப் பாருங்கள். கண்வலிக்கிழங்கு என்றும் கார்த்திகைப் பூ என்றும் சொல்வது இதனையே. இன்று அது நம் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் தண்டு தானே நிமிர்ந்து நிற்கும் வலிமையற்றது. ஆகவே ஒவ்வோர் இலையும் தன் நுனியைக் கம்பியாக நீட்டி, அருகிலுள்ள சுள்ளியைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. இலையின் அடிப்பாகம் சமைக்கிறது. நுனி ஏணியைப் பிடிக்கிறது. அழகில் மயங்கிக் குழந்தைகள் இதன் கிழங்கையோ விதையையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். உயிரைப் போக்கும் விஷம் அதில் உண்டு. அந்த விஷமே அளவறிந்து கொடுக்கப்படும்போது கீல்வாத நோய்க்கு மருந்தாவதால், மூலனூர்ப் பக்கத்தில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்.

பட்டாணிக் கொடியில் இலைத் துண்டுகளே பற்றுக்கம்பிகளாகின்றன. ஆனால் நம் வீட்டு வேலியில் ஏறும் பிரண்டையைப் பார்த்து அதுவும் அப்படியே என்று எண்ணிவிட வேண்டாம். பிரண்டையின் பற்றுக்கம்பி கணுவில் இலைக்கு எதிர்ப் புறத்தில் பிறக்கிறது. அது தண்டின் மாறுதல். மறுபடியும் விலாசந்தான் உண்மையைச் சொல்லுகிறது.

கோவளம் பக்கத்துக் கடற்கரை மணலில் வளரும் சவுக்கு மரத்தையும் எடுத்துக்கொள்வோம். அதன் ஊசியைக் கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி பொருத்திவிட்டு, "எங்கே பிரித்தேன், சொல்!" என்று விளையாடாத குழந்தை உண்டா? இலையில் கணு ஏது? ஊசியாகத் தோன்றுவது தண்டு. பிரித்த இடத்தில் கிரீடம் போலச் சுற்றி நிற்கும் சின்னஞ் சிறு பற்கள் இருக்கின்றனவே, அவையே சவுக்கின் இலைகள். ஒரு கணுவில் ஏறக்குறைய ஏழு இருக்கும். பூதக் கண்ணாடி இருந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நிற்கும் வேல மரம் ஒன்று உண்டு. அரிவாள் போல வளைந்து நீண்ட பச்சைப் பட்டைகள் அதில் தொங்கும். அவை இலைப்பரப்பு அல்ல, தட்டையாகிவிட்ட காம்புகள். சாட்சி வேண்டுமா? அதன் விதையை ஒரு தொட்டியில் விதைத்துப் பாருங்கள். முதலில் வரும் இலைகள் மற்ற வேல மரங்களைப் போலவே சிறகு சிறகாயிருக்கும். பின் வரும் இலைகளில் சிறகு சுருங்கிக் காம்பு அகலும். கடைசியில் சிறகு மறைந்து காம்பே நிற்கும். தன் குலத்தின் சரித்திரத்தைச் சில வாரங்களில் நம் கண்முன்னே நடித்துக் காட்டுகிறது அந்தக் கன்று.

அடுக்களையில் இலைகள்

முள்ளுக்காட்டுக்குப் போக அவகாசமில்லாத இல்லத்தரசிகள் வருந்த வேண்டாம். அடுக்களையிலேயே அரிய சான்றுகள் இருக்கின்றன. வெங்காயத்தை நெடுக்காக அரிந்தால் அடியில் தட்டுப் போல் உள்ள சிறு பாகந்தான் தண்டு. ஏடு ஏடாக உள்ளவை யாவும் உணவைச் சேமித்துத் தடித்த இலைகளின் அடிப்பாகங்கள். மேலே காகிதம் போல் உள்ள சருகு, காவலுக்கு நின்று உலர்ந்துபோன இலை. ஏட்டின் கக்கத்தில் மொட்டு உண்டா என்று கேட்பீர்கள். முளைவிட்ட வெங்காயத்தை நறுக்கும்போது நடுவே இரண்டு மூன்று குருத்துக்கள் தனித்தனியே தோன்றுகின்றன அல்லவா? அவற்றுள் பக்கத்துக் குருத்துக்கள் அந்த மொட்டுக்களே. பூண்டில் ஒவ்வொரு பல்லும் அத்தகைய ஒரு மொட்டு.

வாழையில் மரம் என்று நாம் அழைப்பது மரமே அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையடிகள். நாம் நாராக உரிக்கும் பட்டைகள் இவையே. பூக்கும் காலத்தில் இவற்றின் நடுவே ஊடுருவி மேலெழும் உண்மைத் தண்டைத்தான் கறி செய்து உண்கிறோம். வாழைப்பூவின் செம்மடல்களும் இலைகளே. ஒரு மடலை விலக்கினால் அதன் கக்கத்தில், விதிப்படியே, வரிசையாகப் பூக்கள் இருக்கும். கள்ளன் நீக்கிப் பூ ஆய்கிற ஒவ்வொருவரும் தாவர சாஸ்திரத்தின் இந்தப் பாடத்தைத் தம்மையறியாமலே நடத்துகிறார்கள். தென்னம்பாளையைப் பொதிந்திருக்கும் மட்டையும், தாழம்பூவின் மணக்கும் மடலும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

வாசலில் படர்ந்திருக்கும் காகிதப்பூவோ ஒரே செடியில் இரட்டை வேஷம் போடுகிறது. செம்மையாய்ப் பூவென்று தோன்றும் மூன்று ஏடுகள் இலைகள். நடுவே மெல்லிய குழலாக உள்ளவையே பூக்கள். ஆனால் அதன் முள், எலுமிச்சை முள்ளைப் போலவே, இலையின் கக்கத்தில் பிறக்கிறது. ஆகவே, பூவாகத் தோன்றுவது இலை. முள்ளாகத் தோன்றுவது கிளை!

குழந்தைகள் புஸ்தகத்தின் நடுவே வைத்துக் "குட்டி போடுகிறதா?" என்று தினமும் திறந்து பார்க்கும் ரணகள்ளி இலையை மறக்கலாமா? மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அச்செடியின் தடித்த இலை தண்ணீரையும் சேமிக்கிறது. விளிம்பின் வெட்டுகளில் கன்றுகளையும் பிறப்பிக்கிறது. சமையற்காரனே தாயுமான கதை அது.

இவற்றுக்கெல்லாம் மேற்பட்ட துணிச்சல் பூச்சி பிடிக்கும் இலைகளுடையது. மண்ணில் தழைச்சத்துப் போதாத இடங்களில், செடி அதைப் பூச்சியின் உடலிலிருந்து பெற்றுக்கொள்கிறது. அழுகண்ணி என்று சொல்லப்படும் சிறு செடியின் இலைமேலுள்ள மயிர்கள் பனித்துளி போன்ற பசையைச் சுரக்கின்றன. தேன் என்று வந்து அமரும் பூச்சி ஒட்டிக்கொண்டு கரைந்துபோகிறது. மேகாலயத்து மலைகளிலும் இலங்கையிலும் உள்ள கெண்டிச் செடியில் இலையே மூடியோடு கூடிய கூஜாவாகித் தொங்குகிறது. சார்லஸ் டார்வின் இத்தகைய செடிகளைப் பல வருஷம் சோதித்து 1875-இல் தனிப் புஸ்தகமே எழுதினார்.

ஓர் உறுப்பு பல தொழிலுக்கு உருமாறுகிறது என்னும் எண்ணத்தை, ஜெர்மானியக் கவியரசராகிய கதே 1790-ஆம் வருஷத்திலேயே ஒரு சிறு நூலில் விளக்கினார். பூவின் இதழையும் இலையையும் ஒரே உறுப்பின் வெவ்வேறு உருவங்களாக அவர் கண்டார். ஒவ்வொரு தேவைக்கும் முற்றிலும் புதிய உறுப்பொன்றைப் படைப்பது இயற்கையின் பழக்கமன்று. வீட்டில் உள்ள பழைய புடைவையே தொட்டிலாகவும் திரையாகவும் சுமையடையாகவும் ஆவது போல, உள்ள இலையையே முள்ளாகவும் கம்பியாகவும் களஞ்சியமாகவும் கண்ணியாகவும் அது மாற்றிக்கொள்கிறது. சிக்கனத்துக்கு இதைவிட மேலான ஆசான் யார்?

காலி மனைகள்

இவ்வளவும் நாம் கற்றது ஒரு வேலியோரத்தில் நின்ற ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்தது. நம் பக்கத்துச் செடிகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்து எழுதிவைத்த பெரியவர்கள் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மயூரநாதன் 1929-இல் சென்னை நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பூக்கும் செடிகளுக்கு ஒரு நூல் வெளியிட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்து வந்தபோது, அதற்குக் கிடைத்த 365 ஏக்கர் நிலமும் பெரும்பாலும் முட்புதர்தான். அங்கே ரஸாயனம் போதித்த எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் ஆசிரியர், தம் சாஸ்திரம் வேறாயிருந்தும், செடிகளின்மேல் கொண்ட ஆசையால் மயூரநாதன் நூலுக்கு 1938-இல் ஓர் அநுபந்தம் எழுதினார். அந்தக் கல்லூரி வளாகத்தில் பழைய காட்டின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. 1978-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கிண்டியில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் நிற்கிறது. நன்மங்கலத்தில் காப்புக் காடு இருக்கிறது. பெரிய நிலங்களுக்கு இப்படி ஏதோ ஒரு காவல் உண்டு.

சிறியவற்றுக்குத்தான் இல்லை. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. ஜனங்களுக்கு வீடு வேண்டும். அதை நாம் குறை சொல்லவில்லை. நாமே அப்படி ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறோம். ஆனால் முள்ளென்றால் குப்பை, புதரென்றால் பாழ் என்று, வீடு கட்டாத இடத்தையும், பள்ளிக்கூடத்தின் பின்புறத்தையும், ஏரிக்கரையையும் இயந்திரத்தால் சுரண்டித் துடைப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. சனிக்கிழமை நாம் போன புதர் நிலத்தில் இன்று சுற்றுச்சுவர் நிற்கிறது. அந்தக் கள்ளி வேலியும் இப்போது இல்லை. கள்ளி அந்நிய நாட்டுச் செடி. அது போனதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. அன்று மாலை அந்த வேலி அங்கே இராமற் போயிருந்தால், புஸ்தகத்தில் உள்ள படத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு நாம் திருப்தியடைந்திருப்போம். அந்தப் பெண்ணின் விடைத்தாளில் நாம் போட்ட பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றிருக்கும்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அருகில் மிஞ்சியிருக்கும் ஒரு புதரண்டை போய் நில்லுங்கள். முள் ஒன்றைக் காட்டி, "இது இலையா, கிளையா, தோலா?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். முள்ளின் கக்கத்திலோ பக்கத்திலோ மொட்டு எங்கே இருக்கிறது என்று அவர்களே தேடட்டும். அவர்கள் சொல்லும் விடை நீங்கள் எண்ணியதற்கு மாறாயிருந்தால், பூஜ்யம் போடுவதற்கு முன்பு இன்னொரு முறை குனிந்து பாருங்கள்.